வெள்ளிக்கிழமை மீன்

அக்கா,

வெள்ளிக்கிழமையும் எங்கள் வீட்டில் மீன் அவிப்பது என்று, பல நாள் ஆலோசனைக்குப் பிறகு தீர்மானித்துவிட்டோம். என் தாத்தா புளத்கொகுபிட்டியில் கடை திறந்த நாளிலிருந்து இவ்வளவு பெரிய தீர்மானம் இந்தக் குடும்பத்தில் எடுக்கப்பட்டதில்லை. தனிச் சட்டி வேண்டும், அடுப்பு கொல்லையில் இருக்க வேண்டும் என்று என் மனைவி நிபந்தனை போட்டாள். ஏற்றுக்கொண்டேன். இன்று காலை, உப்பும் புளியும் இல்லாமல் அவிந்த சாளை மீனின் வாசனை சாமி படம் வரைக்கும் வந்தது. சாமி ஒன்றும் சொல்லவில்லை. ராசாத்தி மட்டும் சட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, ஏன் தாமதம் என்பது போலப் பார்த்தாள்.

அந்த வாசனை உங்களுடையது.

ரப்பர் மலையில் பால் வெட்டிவிட்டு, உடம்பெல்லாம் புளித்த பால் வாடையோடு கடைக்கு வருவீர்கள். புருஷன் இறந்தபின் அண்ணன் குடும்பத்தோடு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பரா அறையில் இருந்தீர்கள். உங்களுக்கென்று இருந்தது ராசாத்தி என்ற அந்தக் கிழட்டுப் பூனை. கண்டதையும் தின்றாள், தின்னத் தின்ன இளைத்தாள். பாதியை வாந்தி எடுத்தாள், மீதி நீராகப் போயிற்று. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பூச்சி என்றார். சிங்கள நாட்டு வைத்தியர் வெதமாத்தயா சூடு என்றார். உங்கள் அண்ணி திமிர் என்றாள். நீங்கள் பால் கொடுத்துப் பார்த்தீர்கள். காம்பராவைக் கழுவ வேண்டியதாயிற்று. கருவாடு கொடுத்தீர்கள், போன வேகத்தில் திரும்பி வந்தது.

அப்போது உங்கள் கழுத்திலும் கட்டி இருந்தது. அதைக் காட்டக் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரம்புக் கூடையில் ராசாத்தியையும் கொண்டு போனீர்கள். டாக்டர் உங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்து, தைராய்டு என்றாராம். நீங்கள் கூடையைத் திறந்து, இவளையும் ஒருதரம் தடவிப் பாருங்கள் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறீர்கள். அவர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே தடவினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் தடவினார். இவளுக்கும் அதேதான் போலிருக்கிறது, ஆனால் பூனைக்கு மருந்து படித்ததில்லை என்றார். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அன்றிலிருந்து ஐந்து வேளை. உப்பில்லாத மீன், முள் எடுத்து, சோற்றோடு குழையப் பிசைந்து, ஒரு கரண்டிக்கு மேல் இல்லை. வாந்தி குறைந்தது. மெலிவு குறையவில்லை. மனிதனுக்கே கூப்பன் அரிசி பத்தாத காலத்தில் பூனைக்குச் சோறா என்று லயத்தில் கேட்டார்கள். "என் பங்கத்தான் போடுறேன். ஒங்க பானையில கைய விடலயே" என்றீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் இந்தியாவுக்குப் போகச் சொல்லும் கடுதாசி வந்தது. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து நம் ஆட்களைப் பங்கு பிரித்திருந்தன. உங்களைக் கேட்காமலே உங்கள் பெயரையும் தன் குடும்பத்தோடு எழுதிக் கொடுத்திருந்தார் உங்கள் அண்ணன். பூனைகளைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றுமில்லை.

கப்பலேறுகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வது வழக்கம். உங்கள் அண்ணனும் அண்ணியும் அழுதுகொண்டே ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்கள். நீங்கள் கூடையோடு பின்னால் வந்து, அவர்கள் கண்ணைத் துடைக்கும் நேரம் பார்த்து, "நான் போகலீங்க. ராசாத்திக்கு வயிறு சரியில்ல" என்று அதே வாசலில் சொன்னீர்கள். இப்படித் தங்கல் சொன்ன ஆள் இந்த மலையில் வேறு யாருமில்லை.

என் கடை வாசலில்தான் உங்கள் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு பூனைக்காக ஊருக்கு வரமாட்டேங்கிறியா?"

"எந்த ஊருண்ணே? நீ பாத்திருக்கியா?"

அவரும் அதே லயத்தில் பிறந்தவர்தான்.

"என்னைக் கேக்காம எழுதுனாங்க, கேக்காம ஏத்தப் பாக்குறாங்க. இவ மட்டுந்தான் பசிச்சா என்னைக் கேக்குறா" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "மொதலாளி, இவங்களுக்கு நல்லபடியா விடை குடுங்க. எனக்கு நாளைக்குச் சாள மீன் வருமான்னு சொல்லுங்க" என்றீர்கள். வரும் என்றேன்.

அவர்கள் போனார்கள். தோட்டத்தில் உங்கள் பெயரை ஆள் கணக்குப் பேரேடான செக்ரோலில் வெட்டினார்கள், காம்பராவைப் பூட்டினார்கள். கூடையோடு என் கடையின் பின்னறைக்கு வந்தீர்கள். வாடகை கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும், என் மனைவியின் மனம் நோகக்கூடாதென்று, ஆற்றங்கரையில் மூன்று கல் வைத்து மீன் அவித்தீர்கள். மழையிலும் அங்கேதான். அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில்தான் போனீர்கள். கடைசியாகக் கேட்டது, "நாலாவது வேள ஆச்சா?" என்பதுதான்.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த ஐந்து வேளை. கடையில் ஆள் நிற்கும்போதே எழுந்து போய் முள் எடுக்கிறேன். கடைத்தெருவில் சிரிக்கிறார்கள். நீங்கள் கற்றுக் கொடுத்தபடி, அவர்கள் பானையில் நான் கை விடவில்லை என்கிறேன்.

நேற்று ஒரு பொலிஸ்காரர் வந்தார். தவணை கடந்தும் தங்கியிருப்பவர்களைப் பிடித்துக் கப்பலேற்ற உத்தரவாம். உங்கள் பெயரைத் தப்பில்லாமல் வாசித்து, எங்கே இருக்கிறார் என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய் ரப்பர் மலைக்குக் கீழே உங்களைப் புதைத்த இடத்தைக் காட்டினேன். தொப்பியைக் கழற்றினார். பிறகு மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போனார்.