தரையில் உட்கார்ந்துவிட்டேன்

12 பிப்ரவரி 2008, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. எச்.ஐ.வி. மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டரிடம் சொன்னேன்: சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்கிய கால் இது, இப்போது தொடையில் சதையே இல்லை, கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அவர் ரத்த ரிப்போர்ட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"ரிப்போர்ட் நல்லா இருக்கு. வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்."

வயசாம்! பத்து வருஷத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில்தான், அதிக நாள் தாங்க மாட்டாய் என்றார்கள். தாங்கிக் காட்டினால் இப்போது வயசாகிவிட்டதாம்.

"இன்னா டாக்டரே, பேப்பரையே பாத்துகினு கீறீங்க? என்னைப் பாருங்க" என்று அவர் மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "இப்ப தூக்கிவுடுங்க."

அவரும் நர்ஸும் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அப்புறம்தான் தொடையை அமுக்கிப் பார்த்தார். இத்தனை வருஷ வைத்தியத்தில் இன்றைக்குத்தான் ஒரு டாக்டரின் கை என் காலில் பட்டது.