ஒரு கைக்கு இரண்டு கை சருகு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மகள் இப்போதுதான் தூங்கினாள். மூன்று தடவை சோப் போட்டுக் கழுவியும் கையில் அந்த நாற்றம் போகவில்லை. நம் நீலப் பீப்பாயின் நாற்றம். நீ கிளறியபோது அது மழை பெய்த மண்ணைப்போல மணந்தது.

கம்பஸ் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். பிறகு இந்தக் குண்டசாலை வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் நீ, மறுபக்கம் நாங்கள். நடு முற்றத்தில் குசினிக் கழிவை உரமாக்க அந்தப் பீப்பாயை வைத்து, இரும்புக் கம்பியைக் காய்ச்சி நீ துளை போட்டாய். நான் மகளைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்று, புழு வருமா, கொசு வருமா, பிள்ளைக்கு ஏதாவது வருமா என்று கேட்டபடியே இருந்தேன்.

"புழு வந்தா நல்லதுடி. மொதல்ல ஒனக்குத்தான் மருந்து குடுக்கணும்" என்று சிரித்தாய்.

ஒரு கை மரக்கறித் தோலுக்கு இரண்டு கை சருகு. மேலே கொஞ்சம் மண். பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. "பல்லு மொளைக்காத புள்ள இது, சமைச்சதக் குடுக்காத" என்று பீப்பாயைத் தட்டிச் சொன்னாய். காற்றை அடைக்காதே என்றாய். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். அதுதான் தாங்க முடியவில்லை.

டெங்கு என்று வார்டில் சேர்த்த நாலாம் நாள் நீ போய்விட்டாய். பன்விலையிலிருந்து உன் அண்ணன் வந்து, கருமாதியை இந்த முற்றத்திலேயே முடித்தார். எல்லாரும் போன பிறகு சாப்பிட்ட இலைகளும் மிஞ்சிய சோறும் சாம்பாரும் உன் படத்து மாலைகளும் மூலையில் குவிந்து கிடந்தன. காலையில் குப்பை டிராக்டர் வரும். உனக்கென்று சமைத்ததை அதில் ஏற்ற மனம் வரவில்லை. அத்தனையையும் பீப்பாயில் திணித்தேன். ஒரு பிடி சருகுகூடப் போடவில்லை. பிறகு கொசுப் பயம். மூடியைப் பொலித்தீனால் கட்டி, நீ போட்ட துளைகளுக்கெல்லாம் டேப் ஒட்டினேன்.

மூன்று கிழமை ஆகிறது. இன்று பின்னேரம் மாடியிலிருந்து, என்னை மகள் என்றே கூப்பிடும் வீட்டுக்கார நோனா இறங்கி வந்தார்.

"மகள், நாத்தம் பொறுக்க ஏலாது. ஞாயிறு இந்தப் பீப்பா போகணும்."

சரி என்றேன். "அந்தப் புள்ள இருந்தா இப்பிடி விடாது" என்று உன்னைச் சொன்னார், கோபமே இல்லாமல். அதற்குத்தான் அழுதேன்.

அவிழ்த்துப் பார்த்தேன். கறுப்புக் கூழ். நாம் சேர்த்த மண் அடியிலாவது இருக்குமா என்று முழங்கை வரை விட்டுத் துழாவினேன். ஒரு புழுகூட உயிரோடு இல்லை. மாலை கட்டிய நைலோன் நூல் மட்டும் விரலில் சுற்றிக்கொண்டு வந்தது. மகள் வாழைப்பழத் தோலோடு ஓடிவந்தாள், நீ பழக்கியதுபோல. "பெரியம்மாக்கு" என்று நீட்டினாள். போ அங்கால என்று கத்திவிட்டேன். தோலைக் கைக்குள் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

பலா மரத்தடியில் சருகு கூட்டி மூன்று பை கட்டி வைத்திருக்கிறேன். ஒரு கைக்கு இரண்டு கை. உன்னிடமிருந்து என் கையில் மிஞ்சியது அந்தப் பீப்பாய் ஒன்றுதான். இவ்வளவு அழுகிய பிறகும் அது பிழைக்குமா, இல்லை கொட்டிவிடவா? கேட்க வேறு ஆளில்லை. ஞாயிறுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.