வாய்க்காலுக்கு அப்பால்

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்த முறை சீமைப்பலா அமோகமாகக் காய்த்திருக்கிறது.

நேற்று தலைநகர் மஜுரோவிலிருந்து வரைபடக்காரர் ஜோர்போன் படகில் வந்தார். போன கடலேற்றம் நம் எனெலிக் தீவை இரண்டாக அறுத்துவிட்டதைப் படத்தில் சேர்க்க வேண்டுமாம். "நீங்க இருக்கிறது எனெலிக். வாய்க்காலுக்கு அப்பால உங்க தங்கச்சி இருக்கிற துண்டுக்கு என்னம்மா பேரு?" என்று கேட்டார்.

உன் அத்தான் முந்திக்கொண்டார். "கோவக்காரி தீவுன்னு எழுதுங்க. அம்மாவைப் புதைச்ச நாள்லேர்ந்து அவ இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

அவரோடு படகில் வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெயர் இரண்டானால் நிலமும் இரண்டாகிவிடும். அம்மா வழி வந்த தென்னைகளில் உனக்கு இங்கே பங்கிருக்காது, எனக்கு அங்கே பங்கிருக்காது. அம்மாவைப் புதைத்த அன்று நீ கேட்டதும் அந்தப் பிரிவினையைத்தான். நான் முடியாது என்றேன்.

"அவ இருக்கிற இடத்துக்கு நான் எப்படிப் பேரு வைக்கிறது? அவகிட்டயே கேளுங்க," என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை அவர்தான் கொண்டுவருகிறார். நீ எந்தப் பெயரைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

இன்று காலை கடல் வற்றியபோது வாய்க்காலில் பாதி தூரம் நடந்து பார்த்தேன். தண்ணீர் முழங்காலுக்குக்கூட வரவில்லை.

உன் அக்கா