மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?

அண்ணா,

இன்று காலை கம்பெனியில் உங்கள் பீரோவைத் திறந்தேன். தொட்டி மூடிக்கு ஒரு ரப்பர் வாஷர் வேண்டியிருந்தது. மிச்சம் மீதி ஏதாவது இருந்தால் உங்கள் பீரோவில்தான் இருக்கும் என்றார் மெக்கானிக். கதவைத் திறந்ததும் குப்பென்று பாச்சை உருண்டை வாசம். மேல்தட்டில் வாஷரும் இல்லை, வால்வும் இல்லை. கஞ்சி போட்டு மடித்த பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, துண்டு. நுண்ணுயிர் வளர்க்கிற இடத்துக்குள் வேறு எவனாவது பாச்சை உருண்டையைக் கொண்டுவந்திருந்தால் அவனைக் கேட் வரைக்கும் துரத்தியிருப்பீர்கள். எரிச்சலில் கதவைப் படாரென்று சாத்தினேன். அப்புறம் மறுபடியும் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

நம் கம்பெனிப் பையன்களுக்குப் பெண் பார்க்கப் போகும்போது நீங்கள் கட்டுகிற வேட்டி அது.

வெளியாட்கள் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிங்காநல்லூரைத் தாண்டி ஓர் உயிர் உரக் கம்பெனி. வாழைக்கும் மஞ்சளுக்கும் வேரில் ஊற்றுகிற திரவத்தைத் தொட்டிகளில் வளர்த்து பாட்டிலில் அடைத்து அனுப்புகிறோம். நீங்கள் பிளான்ட் மேனேஜர். நான் ஆள் எடுக்கிறவள், சம்பளம் போடுகிறவள், ராஜினாமாக் கடிதம் வாங்குகிறவள். மூன்றாவது வேலைதான் எனக்கு அதிகம்.

ஒருவனை எடுத்து, கை கழுவுவதிலிருந்து சொல்லிக்கொடுத்து, நுரையைப் பார்த்தே தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிற அளவுக்குத் தேற்றியிருப்பீர்கள். ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு என் மேஜை முன்னால் வந்து நிற்பான். சம்பளமும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்தில் பையன்களுக்குப் பெண் கிடைப்பது என்ன பாடு என்று ஊருக்கே தெரியும். தரகர் முதலில் கேட்பது ஜாதகம் இல்லை.

“மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?”

“பாக்டீரியா வளர்க்கறாருங்க.”

“அய்யய்யோ, ஊட்டுக்கு வந்தா காச்சல் கீச்சல் ஒட்டிக்காதுங்களா?”

அத்தோடு அந்த வரன் தட்டிப்போகும். பையன் பெங்களூருக்குப் போய் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஆறு மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வரும்.

இதற்கு நீங்கள் கண்டுபிடித்த மருந்துதான் அந்த வேட்டி. கம்பெனிப் பெரியவராக நீங்களே பெண் வீட்டுக்குக் கிளம்பிவிடுவீர்கள். அங்கே போய் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். “உங்க வாழைக்கு வேர்ப்புழு தொந்தரவு இருக்குதுங்களா?” என்று ஆரம்பித்தால், பெண்ணின் அப்பா உங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவார். திரும்பி வரும்போது சம்பந்தம் முடிந்திருக்கும். இப்படி எத்தனை பேருக்கு முடித்துவைத்தீர்கள்! “கல்யாணத்தப் பண்ணி ஊட்டுல உக்கார வெச்சுப்போட்டா எங்கயும் போகமாட்டான் அம்மணி” என்பீர்கள். “அண்ணா, நாம நடத்தறது கம்பெனிங்களா, கல்யாண மண்டபமுங்களா?” என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன். “ரெண்டும் ஒண்ணுதான் அம்மணி. ரெண்டுலயும் ஆளு நிக்கோணும்” என்று சொல்லி, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள். எனக்கு அன்றும் எரிச்சல்தான். ஆனால் பையன்கள் நின்றார்கள், அதை மறுக்க முடியாது.

போன ஐப்பசியில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனீர்கள். அப்படியே போய்விட்டீர்கள். சொல்லிக்கொண்டு போகிற பழக்கம்தான் உங்களுக்கு எப்போதும் கிடையாதே.

நீங்கள் போன பிறகு இந்தப் பிளான்ட் என்னை ஆட்டிவைத்த ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. உங்களுக்காக நின்றிருந்த தேறின பையன்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். புதிதாக வர ஒப்புக்கொண்ட ஒருவன் காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எனக்குப் போன் செய்தான். “மேடம், தொட்டி ரூம்ல ஏசி இருக்குமுங்களா?” இல்லை என்றேன். அடுத்த பஸ்ஸில் ஊருக்கே திரும்பிவிட்டான். இன்னொருவன் குழாயைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் ஒரு தொட்டியையே கெடுத்து, மொத்தத்தையும் சாக்கடையில் விட வைத்தான். முதலாளி கூப்பிட்டு, இன்னொரு தொட்டி கெட்டால் தொட்டிகளை எல்லாம் விற்றுவிட்டு, குஜராத்திலிருந்து திரவத்தை டேங்கரில் வாங்கி இங்கே பாட்டிலில் மட்டும் அடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அதாவது நீங்கள் கட்டி எழுப்பிய பிளான்ட், லேபிள் ஒட்டுகிற கொட்டகையாகிவிடும்.

எனக்கு மிச்சமிருந்தது சதீஷ் ஒருவன்தான். சின்னக் குடுவையில் இருக்கிற தாய் வளர்ப்பிலிருந்து பெரிய தொட்டி வரைக்கும் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவன். வயது முப்பத்திமூன்று, பெண் அமையவில்லை. அவனும் ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“பெங்களூருல வேல கெடச்சிருக்குதுங்க மேடம். ஆனா கோபியில ஒரு வரன் வந்திருக்குது. அண்ணா இருந்தா வந்து பேசுவாருங்க. அவங்களுக்கு நம்ம கம்பெனி புடிச்சுப்போச்சுன்னா நான் எங்கயும் போகலைங்க.”

கிளம்பினேன். வேறு என்ன செய்ய? பட்டுப்புடவை கட்டி, பழத்தட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கோபிசெட்டிபாளையம் போனேன். காரில் போகும் வழியெல்லாம் உங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

பெண்ணின் அப்பா வாழை விவசாயி. வாங்க என்று அழைத்து உட்காரவைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். “மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க அம்மணி?” உங்களைப் போல் வேர்ப்புழுவில் ஆரம்பிக்க எனக்கு எங்கே வரும்? திரவம், தொட்டி, நன்மை செய்கிற கிருமி என்று ஏதேதோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாஞ் செரிங்க. கம்பெனி நிக்குமுங்களா?” என்றார். பழத்தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அந்த நேரத்தில்தான் மேகலா காபி கொண்டுவந்தாள். பெண் அவள்தான். எனக்கு டம்ளரை நீட்டும்போது மெதுவாகக் கேட்டாள்.

“பெரிய தொட்டி எத்தன லிட்டருங்க மேடம்? காத்து அடியிலிருந்து உடறீங்களா, கலக்கற மிஷினு வெச்சிருக்கீங்களா?”

நான் டம்ளரை வாங்க மறந்து அவளையே பார்த்தேன்.

எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி படித்தவளாம். கடைசி வருட புராஜெக்டே நொதித்தலில்தானாம். இப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் எவருக்கோ முட்டி வலி என்றால், அந்த முட்டி வலிக்கு என்ன எண் என்று பார்த்துப் பார்த்துப் போடுகிற வேலை.

“நீ ஏம்மா எங்க கம்பெனிக்கு எழுதிப் போடலை?”

“உங்க விளம்பரத்த வருசா வருசம் பாக்கறனுங்க. ஆண்கள் மட்டும்னுதானுங்க போட்டிருக்கீங்க?”

என் பக்கத்திலிருந்த சதீஷ் தரையைப் பார்த்தான். அதற்குள், தரகர் மூலம் பெங்களூரு வேலையைத் தெரிந்துவைத்திருந்த அவள் அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “பெங்களூரு வேலைய ஒத்துக்கறதா இருந்தா மேக்கொண்டு பேசலாமுங்க.” நம் பையன் சட்டென்று தலையை ஆட்டிவிட்டான். எங்கயும் போகலைங்க என்றவன்! அவ்வளவு தூரம் போன நான் வெறும் பழத்தட்டுக்காரி ஆனேன்.

உள்ளே போகத் திரும்பிய மேகலா நின்றுவிட்டாள்.

“அவரு பெங்களூரு போறதுன்னா போகட்டுமுங்கப்பா. அவரு உட்டுட்டுப் போற வேலைதான் எனக்கு வேணும்.”

அப்பா, “நைட்டு வேலையாமே கண்ணு” என்றார். அவருக்கு நான் பதில் சொன்னேன். துணைக்கு இன்னொரு பெண் இல்லாமல் இரவில் இருக்க வேண்டியதில்லை, விடுதி வாசலில் ஏற்றி விடுதி வாசலில் இறக்க வேன் வரும் என்றேன். இதற்கெல்லாம் முதலாளியிடம் அனுமதியே வாங்கவில்லை. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் அவள் அப்பா பிளான்டுக்கே வந்து சுற்றிப்பார்த்து, மூக்கைப் பொத்தி, முணுமுணுத்து, ஒருவழியாகச் சரி என்றார்.

சம்பந்தம் நடக்கவில்லை. சதீஷ் போய்விட்டான். போவதற்கு முன் நோட்டீஸ் காலம் முழுக்க அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனான். பெண் பார்த்தவன் அந்தப் பெண்ணுக்கே வாத்தியார் ஆனதைப் பார்த்திருந்தால் நீங்கள் நாள் முழுக்கச் சிரித்திருப்பீர்கள். இந்த வாரம் அவள் தனியாகப் பார்த்துக்கொண்ட முதல் தொட்டி கெடாமல் வந்தது. முதலாளி இப்போது குஜராத் பேச்சை எடுப்பதில்லை. விளம்பரத்தில் அந்த இரண்டு வார்த்தைகளையும் எடுத்துவிட்டேன். விண்ணப்பங்கள் வந்தபடி இருக்கின்றன, அண்ணா. மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறவள், நகைக்கடையில் பில் போடுகிறவள், டியூஷன் எடுக்கிறவள். எல்லாம் நாம் தேடித்தேடி அலைந்த அதே படிப்பு.

“பொம்பளப் புள்ளைகள எடுத்தா என்னங்கண்ணா?” என்று நான் கேட்டபோது, “எந்த அப்பன் நைட்டு ஷிப்டுக்கு அனுப்புவான் அம்மணி?” என்று ஒரே வரியில் முடித்தீர்கள். அந்த அப்பன்கள் வீட்டுக்குத்தானே வேட்டி கட்டிக்கொண்டு போனீர்கள்? நட்சத்திரம் கேட்டீர்கள், குலம் கூட்டம் கேட்டீர்கள், வாழைக்கு என்ன உரம் என்று கேட்டீர்கள். பெண் என்ன படித்திருக்கிறது என்று ஒரு வீட்டில், ஒரே ஒரு வீட்டில் கேட்டீர்களா?

செத்தவரிடம் சண்டை போடுகிறவளைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தச் சண்டையை உங்களைத் தவிர வேறு யாரிடமும் போட முடியாது. நீங்கள் இருந்திருந்தால் போட்டு முடித்து, டீ குடித்து, அன்றைக்கே மறந்திருப்பேன். இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன். ஆள் கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிச்சொல்லியே போய்ச் சேர்ந்தீர்கள். ஆள் இருந்தது, அண்ணா. நீங்கள் போன ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. உங்கள் கையில் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனது.