கடைசிச் சொல்லை மிச்சம் வையுங்கள்

புதுக்குடியிருப்பு,
12.10.1993

மாதா துணை

என் அன்புள்ள அவருக்கு,

உங்கள் புனிதம் எழுதுவது. நானும் மகள் நிரோசினியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்று வைத்துக்கொண்டுதான் சண்டையைத் தொடங்குகிறேன். சுகமில்லாத மனிசனோடு சண்டை பிடிக்கக் கூடாது அல்லவா?

சண்டை உங்கள் குறுக்கெழுத்துப் போட்டியைப் பற்றியது. சிறுநீரகத்தில் கல் எடுக்கவென்று கொழும்புக்குப் போன மனிசனைப் பேப்பர்க்காரர் விடாமல் பிடித்து வைத்து, நாளுக்கு ஒரு தலைப்பில் போட்டி போடச் செய்திருக்கிறார்கள் என்று நான் இங்கே பெருமையடித்துக்கொண்டு திரிகிறேன். முத்துலிங்கத்தாரின் லொறி தாண்டிக்குளம் சோதனைச்சாவடியைக் கடந்து வந்தால் ஒரு கிழமைப் பேப்பர் ஒன்றாக வரும். நடராசா அண்ணை கடையில் சாமான் சுற்றுகிற அடுக்குக்குள் போகவிடாமல் உங்கள் பக்கத்தை மட்டும் எடுத்து வைப்பார். நான் காலையில் இடியப்பத் தட்டைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வருவேன். ஒரு தரம் அவருடைய மனிசி விமலேஸ்வரி தெரியாமல் ஒரு பக்கத்தில் சீனி சுற்றிக் கொடுத்துவிட்டா. வாங்கின வீட்டைத் தேடிப் போய்ச் சீனியைக் கொட்டுவித்துப் பேப்பரை எடுத்து வந்தேன். வெட்கத்தை விட்டுச் செய்த வேலை.

ஏழு பேப்பர் ஒன்றாக வந்தாலும் நாளுக்கு ஒன்றுதான் நிரப்புகிறேன். நீங்கள் பின்னேரம் வந்து பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும்.

சமையல் என்ற தலைப்பில் நீங்கள் போட்டது நல்லாயிருந்தது. ஒரு மீன்குழம்புக்கு வேண்டிய எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. நடராசா அண்ணை பார்த்துவிட்டு, "புனிதமக்கா, உங்கட மனிசன் வீட்டில ஒருநாளாவது அடுப்பு மூட்டினவரோ?" என்று கேட்டார். இல்லையென்று உண்மையைச் சொன்னேன்.

ஆனால் ஆவணிக்குப் பிறகு உங்களுக்கு என்ன நடந்தது? அடைப்புக்குறிக்குள் "குழம்பி வரும்", "தலைகீழாக வரும்" என்று போடத் தொடங்கியிருக்கிறீர்கள். எழுத்துகளைக் குழப்பி வைத்துக் கண்டுபிடி என்பது கட்டம் போடத் தெரியாதவன் செய்கிற வேலை என்று மற்றவர்களை எவ்வளவு பேசியிருப்பீர்கள்! இப்போது நீங்களே ஒரு போட்டியில் மூன்று சொல்லைக் குழப்பியிருக்கிறீர்கள். கொழும்புச் சாப்பாடு கொழுப்பைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். புரட்டாதிக் கடைசியில் வந்த "கடற்கரை" என்ற போட்டியைத்தான் பொறுக்க முடியவில்லை. மேலிருந்து கீழ்: "கரைவலைக்காரர் ஆவலோடு காத்திருக்கும் காற்று." இரண்டே கட்டம். முதல் எழுத்து "வா" என்று ஏற்கனவே விழுந்துவிட்டது. வாடை! பென்சிலை அந்தக் கட்டத்தில் வைக்க எனக்குக் கை வரவில்லை. வாடை எழும்பினால் கடல் கொந்தளிக்கும். வள்ளத்தைக் கரைக்கு ஏற்றி, கரையில் போட்ட வாடிக் கொட்டிலைப் பிரித்துக்கொண்டு போகிற காலமல்லவா அது? சோளகக் காற்றுப் பிறந்தால்தானே நம்முடைய கரையில் வலை வளைப்பார்கள்? வலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டுக் கேட்கும். மீனோடு வலையின் மடி கரைக்கு வரும்போது என் அப்பு, வலையும் வள்ளமும் சொந்தமாக வைத்திருக்கிற சம்மாட்டி என்ற பெருமையையும் மறந்து இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடுவார். முல்லைத்தீவில் பிறந்து, கடற்றொழிலாளர் சங்கத்தில் கிளாக்கராக இருந்து, சம்மாட்டி வீட்டில் கலியாணமும் முடித்த மனிசன் விடுகிற பிழையா இது? அப்பு உயிரோடு இருந்திருந்தால் உங்களை மருமகன் என்று சொல்லவே கூசியிருப்பார்.

கோபம் வந்தால் பழசெல்லாம் ஞாபகம் வருகிறது. சங்கத்து வாசிகசாலைச் சாவி அப்புவிடம் இருக்கும். மத்தியான பஸ்ஸில் பேப்பர் வரும் நேரம் ஆம்பிளைகள் எல்லாரும் வலையில் நிற்பார்கள். கூட்டுகிற சாட்டில் போய்க் கதிரையில் இருந்து போட்டியை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு வருவேன். நீங்கள் அப்போது ஊரிலேயே வேலை கிடைத்து வந்த புதிது. பின்னேரம் பேப்பரை விரித்தால் ஒரு கட்டமும் மிச்சமில்லை. ஆரோ வள்ளக்காரன் செய்கிற வேலை என்று நினைத்துச் சுவரில் ஒரு துண்டு ஒட்டினீர்கள். "போட்டியை நிரப்புபவர் மற்றவர்க்கும் மிச்சம் வைக்கவும்." அடுத்த நாள் ஒரேயொரு சொல்லை மிச்சம் வைத்தேன். நீங்கள் அதைப் பென்சிலால் நிரப்பிவிட்டு, "இது போதாது" என்று ஓரத்தில் எழுதினீர்கள். நான் அதன் கீழே, "கிடைத்தது போதும்" என்று எழுதினேன். கையெழுத்தைப் பார்த்தே பெண்பிள்ளை என்று கண்டுபிடித்ததாக இன்றைக்கும் சொல்லித் திரிகிறீர்கள். பொய். அப்புதான் உளறினவர்.

அன்றைக்குத் தொடங்கிய சட்டம், ஊரை விட்டு எழும்பி இந்த ஓலைக்கொட்டிலுக்கு வந்த பிறகும் மாறவில்லை. ஆர் நிரப்பினாலும் கடைசிச் சொல் மற்றவருக்கு. இப்போதும் அப்படித்தான் விட்டு வெட்டி அனுப்புகிறேன். தான் போட்ட போட்டிக்குத் தானே விடை எழுதித் திருப்பி அனுப்புகிற மனிசன், அதற்கு முத்திரை ஒட்டுகிற மனிசி, இரண்டும் நல்ல சோடி என்று நிரோசினி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஒரு நாள் அவள் அந்தக் கடைசிச் சொல்லை நிரப்பப் பார்த்தாள். கையில் ஒன்று போட்டேன்.

ஆவணியில் மடுத் திருநாளுக்குப் பிறகு அனுப்பிய துண்டு ஒன்றும் திரும்பி வரவில்லை. கடிதமும் இல்லை. லொட்ஜ் மாறி மாறி இருப்பதால் பேப்பர்க் கந்தோர் விலாசத்துக்கே எழுதச் சொன்னீர்கள். அப்படித்தான் எழுதுகிறேன். தபால் பிந்துகிறது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். இத்துடன் "கடற்கரை"த் துண்டை வைத்திருக்கிறேன். மிச்சம் விட்டது அந்தக் காற்றைத்தான். உங்களுக்கு வெட்கமில்லையென்றால் நிரப்பி அனுப்புங்கள்.

மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு வருகிறேன் என்ற சொல்லை மறக்க வேண்டாம். வெறும் வயிற்றில் தேத்தண்ணீர் குடிக்க வேண்டாம்.

உங்கள்
புனிதம்

*

புதுக்குடியிருப்பு,
09.11.1993

மாதா துணை

என் அன்புள்ள அவருக்கு,

போன கடிதத்தில் கூடப் பேசிவிட்டேன். அதற்குக் கோபம் என்றால் கோபத்தையாவது எழுதுங்கள். ஒரு வரி போதும்.

முத்துலிங்கத்தார் கொழும்புக் கதையொன்று கொண்டுவந்திருக்கிறார். லொட்ஜ்களில் இரவிரவாகப் பொலிஸ் சோதனையாம். எங்கட பக்கத்து ஆக்களை ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். நான் அவரிடம், "இவற்ற பேரில நாள் தவறாமப் போட்டி வருகுது, பிறகென்ன?" என்று கேட்டேன். "ஓம் பிள்ளை, அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவர் லொறிக்குக் கீழே எதையோ பார்க்கக் குனிந்துவிட்டார். நிமிரவே இல்லை.

இங்கே வாடை தொடங்கிவிட்டது. கூரைக்கு நாலு கிடுகு மாற்ற வேண்டும். நிரோசினி சோதனைக்குப் படிக்கிறாள்.

போட்டி வருகிறது. நான் நிரப்புகிறேன். ஆனால் பக்கத்தில் இருக்கிற மாதிரி இல்லை. ஏன் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
புனிதம்

*

புதுக்குடியிருப்பு,
08.12.1993
மாதா திருநாள்

மாதா துணை

கொழும்பில் என் கடிதங்களைப் பிரித்து வாசிக்கிற பேர் தெரியாத தம்பிக்கு,

தம்பியோ தங்கச்சியோ தெரியாது. தம்பி என்றே எழுதுகிறேன். அல்பேர்ட்டின் மனிசி புனிதம் எழுதுவது. என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் சண்டையெல்லாம் வாசித்திருப்பீர்கள்.

நேற்று லொறி வந்தது. கார்த்திகை மாதத்துப் பேப்பர் ஒன்றில் போட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. "கடற்கரை என்ற போட்டியில் கரைவலைக்குரிய காற்று தவறாக இடம்பெற்றுவிட்டது. சோளகம் என்பதே சரி. தவறுக்கு வருந்துகிறேன். முல்லை அல்பேர்ட்." முதலில் வாசித்தபோது சந்தோசத்தில் நடராசா அண்ணையின் கடையிலேயே அழுதுவிட்டேன். என் கடிதம் கிடைத்திருக்கிறது, மனிசன் வாசித்திருக்கிறார் என்று எல்லாருக்கும் காட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கால் நின்றுவிட்டது. தம்பி, அந்த மனிசன் தவறுக்கு வருந்துகிற ஆளில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு பிழையையும் ஒப்புக்கொண்டதில்லை. எப்போதும் பென்சிலால்தான் நிரப்புவார். பிழையே விடாத ஆளுக்கு ஏன் பென்சில் என்று கேட்டால், "பேனை திமிர் பிடிச்சவனுக்கு" என்பார். அழித்துவிட்டு, முதலிலேயே சரியாகத்தான் எழுதினேன் என்று சாதிப்பார். அவர் அந்தக் காற்றைப் பிழையாகப் போட்டிருந்தால், கொழும்பில் வாடைக்குத்தான் வலை இழுக்கிறார்கள் என்று எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருப்பார். வருந்தியிருக்க மாட்டார்.

அதற்கு அடுத்த நாள் பேப்பரில் இருந்த போட்டியையும் பார்த்தேன். அம்பா, மடி, வாடி, சம்மாட்டி. நான் கோபத்தில் எழுதிய சொற்களெல்லாம் கட்டத்துக்குள் இருக்கின்றன. என் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டிருக்கிறீர்கள். கட்டம் நல்லாயிருக்கிறது. ஒரு சொல்கூடக் குழம்பி வரவில்லை. நல்லாய்ப் பழகிவிட்டீர்கள்.

உங்களில் எனக்குக் கோபமில்லை. அவருடைய பேரை எடுத்துவிட்டு உங்கள் பேரைப் போட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் அவருடைய இடத்தை அவருக்கென்றே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திரும்பி வருவார் என்று நீங்களும் நினைக்கிறீர்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படி எடுத்துக்கொள்ளலாமா, தம்பி?

எங்கே என்று எழுத முடியாத இடமென்றால் எழுத வேண்டாம். வழியில் கடிதங்களை எத்தனை பேர் பிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு கரைச்சல் வந்தால் உங்கள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? ஆஸ்பத்திரியோ, வேறெதுவோ, நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் படுகிற பாடு மாதாவுக்குத்தான் தெரியும்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். இத்துடன் நிரோசினியின் கொப்பித் தாளில் நானே கோடு போட்ட சின்னக் கட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். தலைப்பு, "முல்லைத்தீவு". வாசிகசாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது, சாவி இருக்கிறது. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். எங்கள் சட்டப்படி ஒரு சொல் மட்டும் மிச்சம். இடமிருந்து வலம், நாலு கட்டம்: "வாடைக்குப் பிறகு வருவது." விடை உங்களுக்கும் தெரியும். நீங்கள் நிரப்பக் கூடாது. நிரப்பினால் எனக்குத் தெரிந்துவிடும். அவர் "சோ" எழுதினால் கொம்பு பக்கத்துக் கட்டத்துக்குள் போய் நிற்கும். அதற்காகவே எவ்வளவு பேச்சு வாங்கியிருக்கிறார்.

அவர் இருக்கிற இடத்துக்கு நீங்களோ, வேறு ஆரோ போகக்கூடுமென்றால் இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கையில் கொடுக்க விடமாட்டார்களென்றால் வாழைப்பழத்தைச் சுற்றிக் கொடுங்கள். வெறும் கொப்பித் தாள்தானே. அவர் கண்டால் போதும், கை தானாகப் பென்சிலைத் தேடும்.

நிரப்பினால் தாளை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். வேறொரு வரியும் எழுதத் தேவையில்லை. கொடுக்க ஆளில்லையென்று ஆனாலும், தம்பி, தாளைக் கிழித்துப் போடாமல் அப்படியே அனுப்பிவிடுங்கள். அந்தச் சொல்லை நானே எழுதி முடிப்பேன். அதுவரைக்கும் இங்கே ஒருத்தரும் அதை நிரப்ப மாட்டோம்.

அவருடைய பேரில் நாள் தவறாமல் எழுதுகிற உங்கள் கையை மாதா காப்பாற்றுவா. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இருட்டினால் வெளியில் திரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா
புனிதம் அல்பேர்ட்

பி.கு.: உறைக்குள் பென்சில் துண்டு ஒன்றும் இருக்கிறது. அங்கே கையெழுத்து வாங்கப் பேனைதான் கொடுப்பார்கள். பேனை என்றால் அந்த மனிசன் தொட மாட்டார்.