கணினி ஒன்று, நாங்கள் நாலு பேர்

இன்று காலை அரசாங்கக் கந்தோரில் மின்சாரம் நின்றது. பின்பக்கத்தில் ஜெனரேற்றரை இயக்கினார்கள். மண்ணெண்ணெய்ப் புகை விறாந்தைக்கு வந்ததும் உன் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். நான் பொத்தவில்லை. பள்ளிமுனைக் கொமினிகேஷன் கடையும், வாசலை மறித்து நிற்கும் கழுதையும், அதைத் தள்ளிவிட்டு உள்ளே வரும் நீயும் அந்த மணத்தோடுதான் எனக்கு நினைவுக்கு வருகிறீர்கள். கழுதையோடு சேர்த்துச் சொன்னதற்குக் கோபிக்காதே.

சண்டைக் காலத்தில் அந்தக் கடையின் ஒரே இணையக் கணினியில்தான் நாம் படித்தோம். கொழும்பிலிருந்து இணையவழியாக நடந்த சமூக அபிவிருத்திக் கற்கைநெறி. நாடு முழுவதும் பெருந்தொகை மாணவர். முகம் தெரியாத அத்தனை பேரும் கூடும் ஒரே இடம் கருத்துக்களம். விரிவுரையாளர் அங்கே கேள்வி போடுவார். வாரந்தோறும் பதில் எழுதாதவர் பெயர் வெட்டுப்படும். மன்னாரில் நாம் நாலு பேர். கடையில் ஜெனரேற்றர் ஓடும் நேரமோ கொஞ்சம். அதனால் கடை வாசல் வாங்குப் பலகையில் இருந்து, என்ன எழுதுவதென்று முதலே பேசி முடித்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகத் தட்டிவிட்டு எழும்புவோம். அதைப் பெரிய கெட்டித்தனம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அதுவே வினையாயிற்று. ஒரே கணினி, ஒரே நேரம், ஒரே கருத்து. நாலு பெயரில் ஒரே ஆள் எழுதுவதாக விரிவுரையாளர் எல்லோரும் பார்க்கக் களத்திலேயே எழுதி, நால்வரையும் நீக்கப்போவதாக எச்சரித்தார். நான் முருங்கன் பக்கத்திலிருந்து வெளிக்கிட்டு, பாலத்துச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, மறுபடி ஏறி வந்து படித்த படிப்பு. மன்னிப்புக் கேட்போம் என்றேன். நீ என்னை எழுப்பிவிட்டுக் கதிரையில் இருந்து தட்டினாய்: "கணினி ஒன்று. நாங்கள் நாலு பேர். சந்தேகமென்றால் மன்னாருக்கு வந்து எண்ணிப் பாருங்கள்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாய். "இனி ஒருத்தரும் எனக்கு ஒத்துக்கொண்டு எழுதப்படாது," என்றாய். என்னைத் தனியாகப் பார்த்தாய். "உனக்குள்ள வேற கதை இருக்கெண்டு எனக்குத் தெரியும். அதை எழுது."

இருந்தது. நம் பகுதிக்கு முதல் தேவை எது என்பதே அந்த வாரக் கேள்வி. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் உரிமை என்று நீ சொன்னதற்கு நாங்கள் மூவரும் தலையாட்டியிருந்தோம். மலையகத்திலிருந்து வந்து குடியேறி, அடுத்தவர் வயலில் கூலிக்குக் களை பிடுங்கும் என் வீட்டாருக்குக் கடல் எதற்கு? சொந்தக் காணிதான் முதல் என்று உனக்கு எதிராக எழுதினேன். அட்டனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆட்கள் இடையில் புகுந்து சண்டை பிடித்தார்கள். விரிவுரையாளர் எச்சரிக்கையை எடுத்துவிட்டார். நீ எல்லாவற்றையும் வாசித்துவிட்டுச் சிரித்தாய்.

"நல்லாத்தான் குத்திப்போட்டாய். பொறு, நாளைக்குப் பதில் தாறன்."

மறுநாள் கடைக்கு வரும் வழியில், சந்தியில் வைத்து உன்னை வான் வண்டியில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஏற்றியவர் யார் என்று சொல்லத்தான் இன்றுவரை ஆளில்லை.

இன்று கந்தோரில் உன் அம்மாவோடு இன்னும் பல அம்மாமார், காணாமல் போன பிள்ளைகளைத் தேடி. எல்லோருக்கும் மனு எழுதியது நான். புரட்டிப் பார்த்த அதிகாரி, எல்லாம் ஒரே கதையாக இருக்கிறதே, யாராவது சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டார். உன் அம்மா தலையைக் குனிந்தார். இந்த முறை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

"எழுதின கை ஒண்டுதான் ஐயா. பிள்ளையள் வேற வேற. ஒவ்வொரு அம்மாவையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேளுங்கோ."

கேட்கும்வரை எழும்ப மாட்டோம் என்று இருந்தோம். மத்தியானம் தாண்டி, முதலாவதாக உன் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

இன்னுமொன்று. நீ இல்லை என்பதற்காக நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், காணிதான் முதல். அடுத்துப் பதில் எழுத வேண்டியவள் நீ. வந்து எனக்கு எதிராக எழுது.