தூங்கி விழிக்கும் சிப்

பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

மெத்தைப் பம்புக்கான பேட்டரிப் பெட்டியை அனுப்பிவிட்டேன். கரண்ட் போனாலும் பாப்பாவின் காற்று மெத்தை இனி தளராது. படுத்தே கிடந்து வந்த முதுகுப் புண்ணும் ஆறிவிடும்.

பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை பம்புக்கு வேண்டிய இருபத்துநாலாக ஏற்றித் தரும் சிப்பைத் தேர்ந்தெடுக்கத்தான் மண்டை காய்ந்துவிட்டது. ஒரு சிப், வேலை இருக்கிறதோ இல்லையோ, விநாடிக்கு லட்சம் முறை மின்சாரத்தை விட்டு நிறுத்தி பேட்டரியைத் தின்றுவிடும். இன்னொன்று பம்ப் ஓயும்போது தானும் குட்டிக் குட்டியாகத் தூங்கித் தூங்கி விழிக்கும். ராத்திரி முழுக்கத் தாங்கும். அதையே போட்டேன். காதோடு வைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. தலைமாட்டிலேயே வை.

இந்த முறையும் கேட்கிறேன், நான் வரட்டுமா?

இன்னும் உன்னவன்தான்.

ஏப்ரல் 2

பாப்பாவின் அப்பாவுக்கு,

பெட்டி நன்றாக ஓடுகிறது. புண் ஆறிவிட்டது, அதற்கு நன்றி. வர வேண்டாம். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டு வேலைதான் பெரிசென்று போனீர்களே, அதை மறக்க முடியவில்லை.

பாப்பா ரொம்ப மாறிவிட்டாள். பம்ப் நின்றதும் வீல் வீலென்று அழுகை. என்னவென்று சொல்ல அவளுக்குப் பேச்சும் வராதே! டாக்டர் தூக்க மருந்தைக் கூட்டிவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும், "அத்தை, என்னமோ கீய்ய்னு கத்துது" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். எனக்கு ஒரு எழவும் கேட்கவில்லை.

பாப்பாவின் அம்மா.

ஏப்ரல் 10

வாயாடி,

முதலில் பெட்டியை அணை. அந்தச் சிப் விநாடிக்குப் பல ஆயிரம் முறை தூங்கி விழிக்கும் வேகத்துக்கு, பக்கத்திலுள்ள கெப்பாசிட்டர் என்கிற குட்டி உறுப்பு அதிர்ந்து கீச்சிடுகிறது. சின்னப் பிள்ளைகளின் காதுக்குத்தான் அது எட்டும், நம் வயசுக்கு எட்டாது. நான் என் காதை நம்பினேன், பாவி. ஓயாத சிப்பின் லட்சம் முறை வேகம் எந்தக் காதுக்கும் எட்டாது; அதையும் பெரிய பேட்டரியையும் போட்டு நானே கொண்டுவருகிறேன். பாப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

உன்னவன்.

ஏப்ரல் 17

பாப்பாவின் அப்பாவுக்கு,

அணைத்துவிட்டேன். அன்றைக்கே மருந்தில்லாமல் தூங்கினாள். பம்பைப் பழையபடி அதன் அடாப்டரோடு கரண்டில் மாட்டியிருக்கிறேன். கரண்ட் போனால் நானே திருப்பிப் படுக்கவைக்கிறேன்.

புதுப் பெட்டியைத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, உங்களைக் குறை சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. அழுகை தாங்காமல் அவளை அடித்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. "என்னடி வேணும் உனக்கு? செத்துத் தொலையேன்!" என்று கன்னத்தில் அறைந்தேன்.

இப்போது போர்வையை இழுத்துவிடக் கை நீட்டினாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். அதை நீங்கள் பார்க்கக் கூடாது.

பாப்பாவின் அம்மா.